டிசைனர் ஜீன்ஸ் பாதி விலையில்: டிஜே மேக்ஸா, ராக்கா, அவுட்லெட் மாலா, பழையதா?

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களிடமிருந்து இந்தக் கேள்வி பல விதமாக வருகிறது. செவன் ஃபார் ஆல் மேன்கைண்ட், ஏஜி, பெய்ஜ் மாதிரி ஜீன்ஸ் பெரிய கடையில் 200 டாலருக்கு மேல் இருக்கிறது. அதே பெயர் டிஜே மேக்ஸ் என்ற தள்ளுபடிக் கடையில் 50, 60 டாலருக்குத் தொங்குகிறது. நார்ட்ஸ்ட்ராம் ராக் என்ற இன்னொரு தள்ளுபடிக் கடையில் 80 முதல் 120 வரை நிற்கிறது. அவுட்லெட் மால் வாசலில் 70 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். பழைய துணி விற்கும் பாஷ்மார்க் தளத்தில் யாரோ இரண்டு தடவை போட்டுவிட்டு 35 டாலருக்கு விற்கிறார்கள். இதில் எந்த வழியில் போவது?

நான்குமே நல்ல வழிதான். ஆனால் எல்லாருக்கும் எல்லா வழியும் ஒத்துவராது. உங்கள் அளவு உங்களுக்குச் சரியாகத் தெரியுமா, கடை கடையாக ஏறி இறங்க நேரம் இருக்கிறதா, எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள், இந்த மூன்றைப் பொறுத்துப் பதில் மாறும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 200 டாலர் பெறுமான ஜீன்ஸ் 80 டாலருக்குக் கிடைத்தால் அது தள்ளுபடி. 80 டாலர் பெறுமான ஜீன்ஸில் 200 என்று அட்டை தொங்கவிட்டு 80க்கு விற்றால் அது தள்ளுபடியே இல்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றையும்விட முக்கியம், அது அதே ஜீன்ஸா என்பது. பெரிய கடையில் முழு விலைக்கு விற்ற துணி, வெட்டு, தையல்தானா, இல்லை அந்தப் பெயரில் மலிவாகத் தைத்த வேறு ஒன்றா? இதில் சறுக்கினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண்.

அடுத்தது, உங்கள் அளவு கிடைக்கும் வாய்ப்பு. ஜீன்ஸில் இடுப்பளவு மட்டும் பொருந்தினால் போதாது. கால் நீளமும், இடுப்புப் பட்டிக்கும் கவட்டைக்கும் நடுவே உள்ள உயரமும் சரியாக வர வேண்டும்.

மூன்றாவது, வீடு வந்து சேரும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவு. வரி, பெட்ரோல், டோல், டெலிவரி, டெய்லர் கூலி எல்லாம் இதில் வரும்.

நான்காவது, பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்பது. ஐந்தாவது, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது. சிறு குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முதல் விஷயமாக இருக்கும். அதில் தப்பே இல்லை.

## பெயர் ஒரு பக்கம், ஜீன்ஸ் ஒரு பக்கம்

கடைகளுக்குப் போகும் முன் கொஞ்சம் பழைய கதை. டிசைனர் ஜீன்ஸ் என்கிற வியாபாரம் சூடுபிடித்தது 1970களின் பின்பாதியில். அப்போது பெரிதாக ஓடியவற்றில் ஒன்று க்ளோரியா வாண்டர்பில்ட் ஜீன்ஸ். பின்பாக்கெட்டில் அந்தப் பணக்காரக் குடும்பத்துப் பெண்மணியின் கையெழுத்து இருக்கும். அதைத் தயாரித்து விற்றது, ஹாங்காங்கில் தொழில் செய்துவந்த இந்திய வம்சாவளியினரான மோகன் முர்ஜானியின் நிறுவனம். கையெழுத்து ஒருவருடையது, ஜீன்ஸ் இன்னொருவருடையது. அந்தத் துறை தொடங்கும்போதே இப்படித்தான் தொடங்கியது. இன்று அதே க்ளோரியா வாண்டர்பில்ட் பெயர் மலிவு விலைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

இன்னும் தெளிவான உதாரணம் ராக் அண்ட் ரிபப்ளிக். 2000களில் 200 டாலருக்கு மேல் விற்ற லாஸ் ஏஞ்சலஸ் பிராண்டு அது. 2010ல் திவால் மனு கொடுத்தது. அடுத்த வருடம் விஎஃப் என்ற பெரிய துணி நிறுவனம் அந்தப் பெயரை வாங்கியது. 2012லிருந்து அது கோல்ஸ் கடைகளில் மட்டும் விற்கும் மலிவு ஜீன்ஸாக வந்தது. பழைய நினைப்பில் ஆஹா, எவ்வளவு மலிவு என்று எடுத்தவர்கள் பழைய ஜீன்ஸை வாங்கவில்லை, பழைய பெயரை வாங்கினார்கள்.

கால்வின் க்ளைன் 2000ல் தன் ஜீன்ஸைத் தயாரிக்க உரிமம் பெற்றிருந்த வார்னகோ நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். காஸ்ட்கோ போன்ற கிடங்குக் கடைகளுக்குச் சரக்கைக் கொட்டி என் பெயரைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். 2001 ஜனவரியில் சமரசமாக முடிந்தது. டிசைனர் பெயர் தள்ளுபடிக் கடைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் தயாரிப்பாளருக்கும் பெயருக்குச் சொந்தக்காரருக்குமே ஒத்த கருத்து கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அட்டையைப் பார்த்து மட்டும் நாம் முடிவு செய்ய முடியாது.

## டிஜே மேக்ஸ், மார்ஷல்ஸ், ராஸ், பர்லிங்டன்

டிஜே மேக்ஸ் 1976ல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. 1995ல் மார்ஷல்ஸையும் அதே நிறுவனம் வாங்கிவிட்டது. ஆகவே ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் பார்க்கலாம், சரக்கின் தரம் ஏறக்குறைய ஒன்றுதான். ராஸும் பர்லிங்டனும் தனி நிறுவனங்கள். அங்கே லீவைஸ், லீ வரைக்கும் பார்க்கலாம். 200 டாலர் ரக ஜீன்ஸுக்காக அங்கே மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து.

இவர்களுக்கு ஜீன்ஸ் எப்படி வருகிறது? தயாரிப்பாளர் அதிகமாகத் தைத்துவிட்டது, பெரிய கடை ஆர்டர் கொடுத்துவிட்டு ரத்து செய்தது, சீசன் முடிந்து தேங்கியது, இவையெல்லாம் மொத்தமாக இவர்களிடம் வரும். சில சமயம் வாங்கிக் கிடங்கில் வைத்திருந்து அடுத்த வருடம் வெளியே எடுப்பார்கள். கூடவே, இவர்களுக்கென்றே நேரடியாகத் தைத்துக் கொடுக்கும் சரக்கும் கலந்திருக்கும். முதல் வகை கிடைத்தால் அது உண்மையான அதிர்ஷ்டம். அதே ஜீன்ஸ், மூன்றில் ஒரு பங்கு விலை. இரண்டாம் வகை என்றால் அந்த விலைக்கு உண்டான ஜீன்ஸ், அவ்வளவுதான்.

விலை அட்டையில் ‘கம்பேர் அட்’ என்று ஒரு பெரிய எண் இருக்கும். அந்த ஜீன்ஸ் எங்கேயோ அந்த விலைக்கு விற்றது என்று அதற்கு அர்த்தமில்லை. இதையோ இதைப்போன்ற ஒன்றையோ மற்ற கடைகளில் எவ்வளவுக்கு விற்பார்கள் என்று இவர்கள் போட்ட மதிப்பீடு அது. அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதே நல்லது. கீழே இருக்கும் விலையைப் பாருங்கள், துணியைத் தொட்டுப் பாருங்கள், இந்த ஜீன்ஸுக்கு இந்த விலை தகுமா என்று கேளுங்கள்.

அளவுதான் இங்கே பெரிய தலைவலி. வந்த சரக்கில் நடு அளவுகள் முதல் நாளே போய்விடும். ஓரத்து அளவுகள் தேங்கும். மிக ஒல்லியானவர்களுக்கும் நல்ல பருமனானவர்களுக்கும் இந்தக் கடைகள் சாதகம். இடுப்பு 32, 34 என்று இருக்கும் ஆண்கள் பல முறை வெறுங்கையோடு திரும்புவார்கள். ரேக்கில் அளவு வாரியாக மாட்டியிருந்தாலும் வாடிக்கையாளர்கள் எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் செருகிவிடுவார்கள். பக்கத்து அளவு வரிசைகளையும் புரட்டிப் பாருங்கள். சில டிஜே மேக்ஸ் கடைகளில் ‘ரன்வே’ என்று ஒரு தனிப் பகுதி உண்டு. விலையுயர்ந்த டிசைனர் சரக்கு அங்கேதான் வரும். உங்கள் ஊர்க் கடையில் அது இருந்தால் நேரே அங்கே போங்கள்.

மறைந்திருக்கும் செலவு நேரமும், ஜீன்ஸ் தேடப் போய் மெழுகுவர்த்தியும் தலையணை உறையும் வாங்கி வருவதும். இந்தக் கடைகளின் அமைப்பே அப்படி. கடையில் வாங்கியதை ரசீதோடு 30 நாளுக்குள் திருப்பினால் பணம் கிடைக்கும், ஆகவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ மளிகை வாங்கும் கடைக்குப் பக்கத்திலோ இந்தக் கடை இருந்து, வாரநாளில் காலையில் பத்து நிமிடம் எட்டிப் பார்க்க முடிந்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் கருநீல ஜீன்ஸ் வேண்டும் என்ற நிலையில் இருந்தால் இங்கே போகாதீர்கள்.

## நார்ட்ஸ்ட்ராம் ராக்

1973ல் சியாட்டில் நகரில் நார்ட்ஸ்ட்ராம் பெரிய கடையின் அடித்தளத்தில் தேங்கிய சரக்கை விற்கத் தொடங்கிய இடம் இது. இன்று நாடு முழுக்கத் தனிக் கடைகள். இங்கேயும் முழுச் சரக்கும் பெரிய கடையிலிருந்து வருவதில்லை. ராக்குக்கென்றே தனியாக வாங்குவதுதான் அதிகம். ஆனாலும் ஏஜி, பெய்ஜ், ஹட்சன், சிட்டிசன்ஸ் ஆஃப் ஹியுமானிட்டி போன்ற பெயர்கள் தொடர்ந்து கிடைக்கும் தள்ளுபடிக் கடை என்று பார்த்தால் முதலிடம் இதற்குத்தான்.

டிஜே மேக்ஸைவிட விலை கூடத்தான். 200 டாலர் ஜீன்ஸ் பெரும்பாலும் 80 முதல் 120 வரை நிற்கும். அந்தக் கூடுதல் பணத்துக்கு இரண்டு வசதி கிடைக்கிறது. ஒன்று, இணையத்தில் உங்கள் அளவு, வெட்டு, பிராண்டு மூன்றையும் போட்டு வடிகட்டலாம். இன்னொன்று, இணையத்தில் வாங்கியதையும் பக்கத்துக் கடையில் கொண்டுபோய்த் திருப்பலாம். இரண்டு அளவு வரவழைத்து, வீட்டில் போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பிவிடலாம். கடை வெளிச்சத்தில் அவசரமாகப் போட்டுப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். எத்தனை நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் சில தடவை, ஏற்கெனவே குறைத்த சரக்கின் மேல் இன்னும் 25 சதவீதம் குறைக்கும் விற்பனை ஒன்று நடத்துவார்கள். ‘க்ளியர் த ராக்’ என்று பெயர். அந்த நாட்களில் விலை டிஜே மேக்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். விருப்பப் பட்டியலில் முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் வேலை சுலபம். அந்த விற்பனையில் வாங்குவதில் சிலவற்றைத் திருப்ப முடியாது, அதையும் கவனியுங்கள்.

உங்களுக்குப் பிடித்த வெட்டும் அளவும் ஏற்கெனவே தெரியும் என்றால் ராக்தான் என் தேர்வு. அளவு தெரியாதவர்களுக்கும், கடை பக்கத்தில் இருந்தால், இதுதான்.

## அவுட்லெட் மால்

நியூயார்க்கில் 1985ல் திறந்த வுட்பரி காமன் நம் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக்கூட அழைத்துப் போகும் சுற்றுலா இடமாகிவிட்டது. நியூ ஜெர்சியில் எலிசபெத் நகரின் ஜெர்சி கார்டன்ஸும் அப்படித்தான். இந்த மால்களைப் பற்றி நிலவும் நம்பிக்கை, பெரிய கடையில் விற்காமல் போனது இங்கே வருகிறது என்பது. ஒரு காலத்தில் அதுதான் உண்மை. இன்று பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கின்றன. காப் ஃபாக்டரி, பனானா ரிபப்ளிக் ஃபாக்டரி, ஜே க்ரூ ஃபாக்டரி ஆகியவை இதை ஒளிக்கவும் இல்லை, தனி வரிசைகளாகவே நடத்துகின்றன. பிரச்சினை, சொல்லாமல் செய்பவர்களிடம்தான். 2014ல் அமெரிக்க செனட்டர்கள் மூவரும் கீழவை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து, அவுட்லெட்டுக்கென்றே தைத்ததில் எங்குமே விற்காத ஒரு ‘பழைய விலை’யைப் போட்டு ஏமாற்றுகிறார்களா என்று விசாரிக்கச் சொல்லி மத்திய வணிக ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆணையத்தின் வழிகாட்டு விதிகளே, பழைய விலை என்று போட்டால் அது உண்மையில் விற்பனைக்கு வைத்த விலையாக இருக்க வேண்டும் என்கின்றன. இருந்தும் வாசல் போர்டுகள் மாறவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஜீன்ஸின் உள்பக்கத் துணி லேபிளில் ஸ்டைல் எண் இருக்கும். அதை அங்கேயே போனில் தேடுங்கள். பிராண்டின் சொந்தத் தளத்திலோ பெரிய கடைகளிலோ அதே எண் வந்தால் அது அசல் வரிசை. அவுட்லெட்டைத் தவிர எங்குமே வரவில்லை என்றால் அது பெரும்பாலும் அவுட்லெட்டுக்குத் தைத்தது. அடுத்தது துணி விகிதம். அதே பெயரில் பெரிய கடையில் 98 சதவீதம் பருத்தி, 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் நூல்) என்று இருந்தது இங்கே பாலியெஸ்டர் கலந்து வந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

சரி, அவுட்லெட்டே வேண்டாமா? அப்படியில்லை. இங்கே ஒரு பெரிய நன்மை, எல்லா அளவும் அடுக்கி வைத்திருப்பார்கள். இடுப்பு 32, கால் 30 கிடைக்கவே கிடைக்காது என்று மற்ற கடைகளில் அலைந்தவர்களுக்கு லீவைஸ் அவுட்லெட் போதும். பள்ளி, கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு மூன்று ஜீன்ஸ் வேண்டும், தினமும் அடித்துத் துவைக்கப் போகிறோம் என்றால் அவுட்லெட் ஜீன்ஸ் நியாயமான சரக்கு. அதை அந்த விலைக்கு உண்டான ஜீன்ஸ் என்று நினைத்து வாங்குங்கள், 200 டாலர் ஜீன்ஸ் என்று நினைத்து வாங்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். ஒரு மணி நேர ஓட்டம், டோல், அங்கே சாப்பாடு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று எடுக்கும் இரண்டாவது ஜீன்ஸ். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் அவுட்லெட்டுக்குப் போவது கட்டுப்படியாகாது.

## பழையது

இதைப் பற்றி நம்மிடம் ஒரு தயக்கம் உண்டு. மற்றவர் போட்டதை நாம் போடுவதா? அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன், யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதே ஜீன்ஸா என்ற முதல் அளவுகோலில் பார்த்தால் நான்கில் இதுதான் ஜெயிக்கிறது. பழைய ஜீன்ஸில் யாரோ பெரிய கடையில் முழு விலைக்கு வாங்கியது நிறைய. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருந்த கோன் மில்ஸ் நிறுவனத்தின் பெயர்பெற்ற ஜீன்ஸ் துணி ஆலையான வொயிட் ஓக் 2017 முடிவில் மூடப்பட்டது. அந்த ஆலைத் துணியில் தைத்த ஜீன்ஸை இனி இப்படித்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இன்னொரு லாபம், முன்பே பல முறை துவைத்தது என்பதால் இனிமேல் பெரிதாகச் சுருங்காது. நீங்கள் பார்க்கும் அளவுதான் அளவு.

குட்வில் போன்ற பழைய பொருள் கடைகளில் 10 டாலருக்கே கிடைக்கும், ஆனால் அது முழுக்க அதிர்ஷ்டம். தேடி வாங்குவதற்குப் பாஷ்மார்க், ஈபே, த்ரெட்அப் போன்ற இணையத் தளங்கள். இவற்றில் லேபிள் அளவை நம்பவே கூடாது. வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஜீன்ஸ் ஒன்றைத் தரையில் விரித்து, இடுப்புப் பட்டி, முன்பக்க உயரம், தொடை, கால் உள்நீளம், கீழ் வாய் ஐந்தையும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். பாஷ்மார்க்கிலும் ஈபேயிலும் விற்பவரிடம் இதே ஐந்து அளவைக் கேளுங்கள். அளந்து சொல்ல மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள். உள்தொடைப் பகுதியின் படமும் கேளுங்கள். ஜீன்ஸ் முதலில் தேய்ந்து கிழிவது அங்கேதான்.

பாஷ்மார்க்கில் டெலிவரிக்கு ஏழெட்டு டாலர் வாங்குபவர் தலையில்தான். சொன்ன பொருள் வேறு, வந்தது வேறு என்றால் வந்த மூன்று நாளுக்குள் புகார் செய்தால் பணம் கிடைக்கும். பொருந்தவில்லை என்று திருப்ப முடியாது. ட்ரூ ரிலிஜன், செவன் ஃபார் ஆல் மேன்கைண்ட் போன்ற பெயர்களில் 2000களில் போலிகள் நிறைய வந்தன. எழுத்துப் பிழையுள்ள லேபிள், கோணலான பாக்கெட் தையல், இந்தக் காலத்து மாடல் என்று சொல்லிப் பழைய லோகோ, இதில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள்.

பொறுமையும் டேப்பும் உள்ளவர்களுக்கு இது. ஒரு குறிப்பிட்ட மாடல் நின்றுபோய்விட்டது, அதே வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியே இல்லை.

## சும்மா காத்திருப்பது

இதையும் ஒரு வழியாகவே சேர்க்க வேண்டும். நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாளை ஒட்டியும், கிறிஸ்துமஸ் முடிந்ததும், கோடைத் தொடக்கத்திலும் பிராண்டுகளின் சொந்தத் தளங்களிலேயே நல்ல குறைப்பு வரும். அசல் வரிசை, எல்லா அளவும் தொடக்கத்தில் இருக்கும், திருப்பலாம். மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து வைத்தால் போதும். அவசரமில்லாதவர்கள் இதை முதலில் யோசிக்கலாம்.

## மொத்தக் கணக்கு

ஜீன்ஸ் விலையை மட்டும் ஒப்பிடாமல் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் டெய்லர் கூலி. 200 டாலர் ரகப் பெண்கள் ஜீன்ஸ் பலவற்றின் உள்நீளம் 30 அங்குலத்துக்கு மேல். நம் பெண்களில் நிறையப் பேருக்குக் கீழே மடித்துத் தைக்காமல் தீராது. ட்ரை க்ளீனிங் கடையில் இருக்கும் டெய்லரிடம் சாதாரணமாக மடித்துத் தைக்க 15 டாலர் பக்கம் ஆகும். அசல் ஓரத்தை வெட்டி மறுபடி அதையே வைத்துத் தைத்தால் இன்னும் கூடும். ஆனால் டிசைனர் ஜீன்ஸுக்கு அப்படித் தைப்பதுதான் அழகு, ஏனென்றால் அந்த ஓரத்தின் வெளுப்பும் சுருக்கமும் ஆலையிலேயே செய்தவை. ஆகவே 50 டாலர் டிஜே மேக்ஸ் ஜீன்ஸ் உங்கள் காலில் ஏறும்போது 70க்குப் பக்கத்தில் வந்துவிடும். 27 அங்குல கால் உள்ள வெட்டு ராக்கில் 75க்குக் கிடைத்தால் அதுவே மேல்.

அடுத்தது வரி. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மின்னசோட்டாவில் சாதாரணத் துணிக்கு விற்பனை வரியே கிடையாது. நியூயார்க்கில் ஒரு பொருள் 110 டாலருக்குக் கீழே இருந்தால் மாநில வரி இல்லை, 110ஐத் தொட்டால் முழுத் தொகைக்கும் வரி. உள்ளூர் வரி கவுண்டியைப் பொறுத்தது. மாசசூசெட்ஸில் 175 டாலர் வரை வரியில்லை, அதற்கு மேல் போனால் மிச்சத்துக்கு மட்டும் வரி. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இந்தச் சலுகை இல்லை. டெக்சஸில் ஆகஸ்ட் மாத வரியில்லா வார இறுதியில் மட்டும் 100 டாலருக்குக் கீழே உள்ள துணிக்கு விலக்கு உண்டு. வரி போடும் மாநிலத்தில் இருந்துகொண்டு நியூ ஜெர்சிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஜீன்ஸை அங்கே வாங்குவது புத்திசாலித்தனம்.

| | அதே ஜீன்ஸா | அளவு கிடைப்பது | 200 டாலர் ரகத்தின் விலை | திருப்புவது |
|---|---|---|---|---|
| டிஜே மேக்ஸ், மார்ஷல்ஸ் | கலவை | அதிர்ஷ்டம் | 40–80 | சுலபம் |
| ராக் | கலவை, பெயர்கள் நன்று | இணையத்தில் நன்று | 80–120 | சுலபம் |
| அவுட்லெட் | பல இடத்தில் வேறு வரிசை | மிக நன்று | அதே ரகம் அரிது | தூரம்தான் சிரமம் |
| பழையது | பெரும்பாலும் ஆம் | அளந்து கேட்டால் நன்று | 30–60 | கடினம் |

விலைகள் டாலரில், நான் வழக்கமாகப் பார்க்கும் அளவில்.

## எடுக்கும் முன் கையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

எந்தக் கடையானாலும் ஜீன்ஸை மேலே தூக்கிப் பிடித்து, பக்கவாட்டுத் தையல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே அது முன்பக்கம் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கும். தையல் திருத்திச் சரிசெய்ய முடியாத குறை இது. பிராண்டு லேபிளைக் கத்தரித்தோ மார்க்கரால் கோடு போட்டோ இருந்தால் அது ஆலையில் கழித்த சரக்காக இருக்கலாம். குறை எங்காவது இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். சில சமயம் அது கண்ணுக்கே தெரியாத சாயப் புள்ளியாக இருக்கும், அப்போது தாராளமாக எடுக்கலாம். லேபிளில் ஆர்என் என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும். மத்திய வணிக ஆணையத்தின் தளத்தில் அதைப் போட்டால் அந்த எண் எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். பெயர் கைமாறிய பிராண்டுகளில் இது உடனே உண்மையைச் சொல்லிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது உட்கார்ந்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு எடுத்துப் பாருங்கள். துணியைப் பல அடுக்காகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவதால் ஒரே எண் உள்ள இரண்டு ஜீன்ஸுக்குள் அரை அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம்.

## ஊருக்கு வாங்கிப் போவதாக இருந்தால்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் இந்தக் கேள்வி தனியாக வருகிறது. தம்பிக்கு, மச்சானுக்கு, சித்தி மகளுக்கு என்று ஜீன்ஸ் வாங்க வேண்டும். இங்கே எல்லாக் கணக்கும் மாறிவிடும், ஏனென்றால் பொருந்தாவிட்டால் திருப்ப வழியே இல்லை. லீவைஸ் இப்போது நம் ஊர் மால்களிலேயே எல்லா அளவிலும் கிடைக்கிறது, அவர்களே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். அதைப் பெட்டியில் சுமந்து போவதற்கு இன்று அவ்வளவு அர்த்தமில்லை. ஊரில் கிடைக்காத பெயர் என்றால் மட்டும் வாங்குங்கள், அதையும் ராக்கில் வாங்குங்கள்.

அவர்களிடம் இடுப்பளவு கேட்டால் பேன்ட் எண்ணைச் சொல்வார்கள், அது உதவாது. பொருந்தும் ஜீன்ஸை விரித்து அதே ஐந்து அளவையும் வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள், டேப்பை மேலே வைத்து எடுத்த படத்தோடு. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். கால் நீளம் கவலையே வேண்டாம். ஊரில் தெருமுனை டெய்லர், இங்கே ட்ரை க்ளீனரிடம் கொடுக்கும் காசில் சிறு பங்குக்கு அசல் ஓரத்தை வைத்தே மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். ஓரத்தை வெட்டி எறிந்துவிடாமல் அதையே திரும்ப வைத்துத் தைக்க வேண்டும் என்று மட்டும் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.